பத்து மணிச் சோறு

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களில் விடியுமுன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் இடுக்கி மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்றரை, நான்கு மணிக்கே எழுந்து உலை வைத்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள். சாயங்காலம் மலையிறங்கி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பார்த்து, மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தன் தட்டின் முன் உட்காரும்போது மணி ஒன்பதரை, பத்து ஆகிவிடும். சூடாக, உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிடும் ஒரே வேளை அவர்களுக்கு அதுதான்.

அந்தப் பெண்ணிடம் போய், "எட்டு மணிக்கு மேல் சாப்பிடாதே, உடம்பு போட்டுவிடும்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? கைப்பேசியில் தினமும் வந்து விழும் அறிவுரை இது. இதில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இந்த எல்லைப் பகுதிக்கு நிறையவே இருக்கிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்துப் பெண்களில் 38 சதவீதம் பேரும் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையுடன் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், கேரளத்தில் வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. சரியாகச் சொன்னால் 25.5 சதவீதம்.

இரவில் உண்பது ஒன்றே எடையை ஏற்றுமா என்று பார்க்க முதலில் பாலக்காட்டுக்குப் போவோம். நகரின் ஜைனிமேட்டில் ஒரு பழைய ஜைனக் கோயில் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை ஜைனர்களின் நெறி. விளக்கொளியை நாடி வந்து உணவில் விழும் சிற்றுயிர்கள் சாகக் கூடாது என்பது அதன் காரணம்; எடைக் கணக்கு அதில் கிடையாது. அதே மாவட்டத்தில் புதுநகரம் போன்ற ஊர்களில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ரமலான் மாதம் முழுவதும் அவர்கள் சூரியன் மறைந்ததிலிருந்து விடியும்வரை மட்டுமே உண்கிறார்கள். இரவில் சாப்பிடுவது ஒன்றே எடையை ஏற்றிவிடும் என்றால் பெருநாளன்று ஊரே பருத்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பல நாட்டு நோன்பாளிகளிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சராசரியாக ஒரு கிலோ அளவுக்கு எடை குறைவதையும், அது சில வாரங்களில் திரும்பிவிடுவதையும் கண்டிருக்கிறார்கள். ஆக, முழு நாளில் உள்ளே போவது எவ்வளவு, வேலையில் எரிவது எவ்வளவு என்பதுதான் எடையின் அடிப்படைக் கணக்கு. இதை முதலில் மனதில் நிறுத்திக்கொண்டால் மேற்கொண்டு குழப்பம் வராது.

அப்படியானால் நேரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது.

நம் மூளையில், கண்ணிலிருந்து வரும் இரு நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியைவிடச் சின்னதாக ஒரு நரம்புத் திரள் இருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு பகலையும் இரவையும் உடம்புக்கு அறிவிக்கும் தலைமைக் கடிகாரம் அது. கல்லீரல், கணையம், குடல், கொழுப்புத் திசு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. அவை வெளிச்சத்தைக் காட்டிலும் சோற்றைப் பார்த்தே பெரும்பாலும் நேரம் வைத்துக்கொள்கின்றன. இந்தக் கடிகாரங்களை ஓட்டும் மரபணுக்களின் செயலைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மூளை "ராத்திரி ஆகிவிட்டது, அடங்கு" என்று சொல்லும் நேரத்தில் வயிற்றுக்குள் சோறும் குழம்பும் போய் விழுந்தால், கல்லீரலும் கணையமும் "இன்னும் பகல்தான் போலிருக்கிறது" என்று எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒடிசாவில் பிறந்து அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றும் சச்சிதானந்த பாண்டாவின் குழு 2012இல் எலிகளிடம் ஒரு சோதனை செய்தது. இரு கூட்டத்துக்கும் ஒரே கொழுப்புத் தீனி. தின்ற கலோரியும் ஏறத்தாழ ஒன்றே. இராப்பகலாகக் கொறித்த எலிகள் பருத்தன. எட்டு மணி நேரத்துக்குள் தின்று முடித்தவை பருக்கவில்லை. உலகமெங்கும் பரவியிருக்கும் "எட்டு மணி நேரச் சாப்பாடு" மோகத்துக்குப் பெரிய தூண்டுதல் இந்த எலிகள்தான்.

மனிதர்களிடம் வந்தபோது கதை அவ்வளவு நேராக இல்லை. இஸ்ரேலில் எடை கூடிய 93 பெண்களுக்கு நாளுக்கு 1400 கலோரி என்று வரையறுத்து, ஒரு சாராருக்குக் காலையில் 700, இரவில் 200, மீதி மதியத்தில் என்றும், மறுசாராருக்கு அதைத் தலைகீழாகவும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் காலையில் அதிகம் உண்டவர்கள் சராசரியாக 8.7 கிலோவும், இரவில் அதிகம் உண்டவர்கள் 3.6 கிலோவும் குறைந்தார்கள். இது 2013இல் வெளிவந்தபோது, இரவுச் சாப்பாட்டின் மேல் வழக்கு முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேருக்கு எல்லா உணவையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்து இதே கேள்வியைக் கேட்டபோது, இரு முறையிலும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. அதே ஆண்டு சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு கவனித்தார்கள். காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் சாப்பிட்டவர்கள் 8 கிலோ குறைந்தார்கள். நேரக் கட்டு இல்லாமல் அளவை மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை.

இந்த முரணை அவிழ்க்கும் நூல்முனை அபர்டீன் ஆய்விலேயே இருக்கிறது. எடை சமமாகக் குறைந்தாலும், காலையில் நிறைய உண்டவர்களுக்கு நாள் முழுதும் பசி குறைவாக இருந்தது. பாஸ்டனில் 16 பேருக்கு அதே உணவை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், பசி கூடியது, "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு குறைந்தது, உடம்பு எரிக்கும் கலோரியும் சற்றுக் குறைந்தது. சோதனைச்சாலையில் யாரோ அளந்து போடும்போது இந்தக் கூடுதல் பசியால் ஒன்றும் ஆகாது. வீட்டிலோ பசி வந்தால் கை நீளும். நேரந்தவறிய சாப்பாடு எடையைக் கூட்டுவது பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியில்தான் என்பது என் முடிவு.

அந்தச் சுற்றுவழியில் தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. பத்து மணிக்குச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பதினொன்றுக்குப் படுத்து, மூன்றரைக்கு எழும் பெண்ணுக்குக் கிடைப்பது நாலரை மணி நேரத் தூக்கம். சிகாகோவில் 2004இல் இளைஞர்கள் 12 பேரை இரண்டே இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் குறைந்தது; பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இரண்டு இரவுக்கே இப்படி என்றால், வருடக்கணக்கில் அப்படி உறங்குகிற உடம்பு என்ன பாடுபடும்?

எடையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சர்க்கரை. ஒரே உணவை ஒரே ஆள் காலையில் சாப்பிடும்போது ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைவிட மாலையில் சாப்பிடும்போது 17 சதவீதம் அதிகமாக ஏறுவதை 2015இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. படுக்கும் நேரம் நெருங்கும்போது மெலடோனின் என்ற தூக்கச் சுரப்பு பெருகும். அது கணையத்தையும் தொட்டு இன்சுலின் சுரப்பை மந்தப்படுத்தும். நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள மாநிலத்தில், பத்து மணிக்குக் குவித்த மட்டையரிசிச் சோறு ஒவ்வோர் இரவும் கணையத்தின் தளர்ந்த நேரம் பார்த்து வந்து நிற்கிறது. மட்டையரிசி தவிடு முழுதும் போகாதது, நல்லதுதான். ஆனால் அளவு மிஞ்சினால் அதுவும் சர்க்கரைதான். பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏழாண்டு பின்தொடர்ந்த ஆய்வு, எட்டு மணிக்கு முன் கடைசி உணவை முடித்தவர்களைவிட ஒன்பதுக்குப் பின் முடித்தவர்களுக்கு மூளை ரத்தக்குழாய் நோய் 28 சதவீதம் அதிகம் என்று 2023இல் சொன்னது. இது கவனித்து எழுதிய கணக்கு. நேரம்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. என்றாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய எண்ணிக்கையும் அல்ல.

நெஞ்செரிச்சல் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலேறும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரண்டு மணி நேரமாவது கட்டாயம் வேண்டும்.

இனி, இரவே வேலை நேரமாக இருப்பவர்கள். மூணாறு பக்கத்தில் பகலில் பறித்த கொழுந்து 12 முதல் 18 மணி நேரம் வாடினால்தான் அரைக்க முடியும். ஆகவே தேயிலைத் தொழிற்சாலை விழிப்பது ஊர் உறங்கும் வேளையில். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பச்சைக் காய் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுதும் சூட்டில் காய வேண்டும். கண் அசராமல் ஒருவர் காவல் இருப்பார். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்ட் உண்டு; பெரிய ஆலைகளுக்கு இரவில் மின்கட்டணம் குறைவாக இருந்ததும் உலைகளை இரவில் எரியவிட ஒரு காரணம். மாநில எல்லையிலுள்ள வாளையாறில் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வரிச் சோதனைச்சாவடி எடுக்கப்பட்டு, மணிக்கணக்கில் லாரி வரிசை கட்டி நின்ற காலம் போய்விட்டது. ஆனால் ஓட்டுநர்களின் சாப்பாட்டு நேரம் இன்னும் நள்ளிரவைச் சுற்றியேதான் இருக்கிறது. அந்நேரம் திறந்திருப்பது சாலையோரத் தட்டுக்கடை. கிடைப்பது பரோட்டா, பீஃப் ரோஸ்ட், ஆம்லெட், இனிப்புத் தூக்கலாக ஒரு சாயா. மூன்று பரோட்டாவும் ஒரு ரோஸ்ட்டும் ஆயிரம் கலோரியைச் சாதாரணமாகத் தொட்டுவிடும்.

இவர்களுக்காகவே செய்ததுபோல் ஓர் ஆய்வு 2021இல் வந்தது. பாஸ்டனில் 19 பேரை இரண்டு வாரம் வைத்து, இரவுப்பணி போன்ற சூழலை உண்டாக்கினார்கள். இரவில் உண்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. அதே மாதிரி இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டும் உண்டவர்களுக்கு ஏறவில்லை. கண்விழிப்பு தவிர்க்க முடியாதது என்றாலும் சாப்பாட்டை நகர்த்தினால் பாதிப்பைக் குறைக்கலாம் என்பது இதன் பொருள். பணிக்குப் போகுமுன் ஏழு, எட்டு மணிக்குள் முழுச் சாப்பாடு; நள்ளிரவில் பசித்தால் ஒரு முட்டையோ, கடலையோ, ஒரு கிண்ணம் பயறோ; காலையில் வீடு திரும்பியதும் அளவாக இட்லி, பிறகு தூக்கம். இட்லிக்குப் பேர்போன ராமசேரி இருக்கும் பாலக்காட்டில் இட்லிக்குப் பஞ்சமில்லை.

ஜீப்பில் மலையிறங்கும் பெண்களின் வீட்டுக்கு என்ன வழி? சோற்றின் பாரத்தைப் பகலுக்கு மாற்ற வேண்டும். வெறும் கட்டன் சாயாவோடு தோட்டத்துக்குள் இறங்காமல், பழைய கஞ்சியோ நேற்றைய சோறோ வயிற்றில் இருக்கட்டும். மதியத் தூக்குவாளியில் சோறு மட்டும் போகாமல் பயறு, முட்டை, மீன் என ஏதாவது ஒன்று கூடப் போகட்டும். ஆறு மணிக்கு வீடு வந்ததும் அவித்த கப்பைக்கிழங்கு ஒரு துண்டோ, ஒரு பிடி சுண்டலோ தின்றுவிட்டால் பத்து மணிக்கு வரும் கொலைப்பசி அடங்கும். ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும் போதும். வீட்டுக்கு முதலில் வந்து சேருகிறவர் ஆணாக இருந்தாலும் உலை வைக்கட்டும். இந்த ஒரு மாற்றத்தாலேயே சாப்பாட்டு நேரம் ஒரு மணி முன்னால் வந்துவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் "ராத்திரிச் சாப்பாடு ஆகாது" என்று கேட்டுத் திடீரென்று பட்டினி படுக்கக் கூடாது. தூக்கத்திலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகக்கூடும். நேரத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் காசநோய்க்கு மருந்து சாப்பிடுவோருக்கும் பட்டினி வேண்டவே வேண்டாம்.

மீதியைச் செய்ய வேண்டியவர்கள் முதலாளிமார்களும் அரசும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீனுக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், 150 பேர் உள்ள தோட்டத்தில் கேண்டீனுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் வழி வைத்தன. இரவு ஷிப்ட் தொடங்கும்போதே அங்கே சூடான சாப்பாடு இருக்கட்டும். நள்ளிரவுக்குப் பரோட்டாவுக்குப் பதில் பயறும் முட்டையும் இருக்கட்டும். ஏலத்தோட்டக்காரர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: சாயங்கால ஜீப்பை அரை மணி முன்னதாக அனுப்புங்கள். கம்பத்திலும் போடியிலும் அத்தனை வீடுகளிலும் அரை மணி முன்னதாகச் சோறு வேகும்.