பெரிய படகுக்குப் பக்கத்தில் இடமிருக்கா?



திருவொற்றியூர்த் தம்பி ஒருவன் கேட்கிறான்: "மாமா, கேம் விளையாட அண்ணனும் நானும் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறோம். மதர்போர்டுல எத்தனை ஸ்லாட் இருக்கணும்?" கடைக்குப் போகும் முன்பே இதை யோசித்தாயே, சபாஷ் கண்ணு!

வாருங்கள், காசிமேடு போவோம். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்கும். அகலமான விசைப்படகு ஒன்று நுழைந்துவிட்டால், பக்கத்துச் சின்னப் படகுக்கு இடமிருக்காது.

கம்ப்யூட்டரின் பாகங்களை இணைக்கும் பலகையான மதர்போர்டிலும் அதே கதைதான். ஸ்லாட் என்பது கார்டு வந்து நிற்கும் துறை. கேமின் படங்களை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டுதான் பெரிய விசைப்படகு. அதைச் செருகுவது ஒரே ஸ்லாட்டில். ஆனால் அதன் விசிறியும் தகடுகளும் அடுத்த ஸ்லாட்டையும் மறைத்துவிடும்.

ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 2 சென்டிமீட்டர். கார்டின் தடிமன் 6 சென்டிமீட்டர் என்றால் எத்தனை இடம் போகும்? மூன்று! சரியாகச் சொன்னீர்கள்.

244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ் போர்டில் அதிகபட்சம் 4 இடம். மூன்று போனால் மிச்சம் ஒன்று. அதில் வைஃபை கார்டைச் செருகினால் சவுண்ட் கார்டுக்கு இடமில்லை. 305 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ.டி.எக்ஸ் போர்டில் 7 இடம் வரை உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் ஸ்லாட் வைத்திருக்க மாட்டார்கள். எண்ணிப் பாருங்கள்.

இதுவரை புரிந்ததா? இனிமேல்தான் சுவையான பகுதி.

பள்ளி மணி அடிக்கிறது. பதினாறு பேர் தோளோடு தோள் நடக்கும் அகலத்தில் வாசல். ஆனால் உள்ளே நாலு பேருக்கான நடைபாதைதான். எல்லோரும் சீக்கிரம் வெளியே வர முடியுமா? முடியாது அல்லவா?

சில நீள ஸ்லாட்டுகளும் இப்படித்தான். பார்த்தால் 16 பாதைக்கான நீளம், சுமார் 9 சென்டிமீட்டர். உள்ளே இணைத்திருப்பது 4 பாதைதான். இந்தப் பாதையை லேன் என்பார்கள். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற இந்த வகை ஸ்லாட்டின் நான்காம் தலைமுறையில் ஒரு லேன் நொடிக்குச் சுமார் 2 ஜிகாபைட் கடத்தும். பதினாறு லேன் என்றால் 32, நாலு என்றால் வெறும் 8!

டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் உற்றுப் பாருங்கள். பொன்னிறக் கம்பிகள் வரிசையாக மின்னும். பல போர்டுகளில், லேன் குறைந்த ஸ்லாட்டில் அந்த வரிசை பாதிவழியிலேயே நின்றுவிடும். மிச்சம் வெறும் பிளாஸ்டிக் பள்ளம். கண்டுபிடித்துவிட்டீர்களே!

அந்தப் பொன்னிறம் உண்மையிலேயே தங்க முலாம். எண்ணூர்க் கடல்காற்றில் நம் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது, பார்த்திருக்கிறீர்கள். தங்கம் உப்புக் காற்றுக்கு அசையாது.

தம்பி, ரிச்சி தெருக் கடைகளுக்குப் போகும் முன் என்னென்ன கார்டு செருகப் போகிறீர்கள் என்று இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டும் இன்னொரு சின்னக் கார்டும் மட்டும் என்றால் மைக்ரோ போர்டே போதும், அப்பா பணம் மிச்சம். ஆனால் அந்தச் சின்னக் கார்டுக்கான ஸ்லாட் பெரிய படகின் அடியில் மாட்டக் கூடாது. பையில் ஒரு ஸ்கேலும் டார்ச்சும் இருக்கட்டும்.