தேய்ந்த வெள்ளைப் பூச்சு: டாங்கி மாதிரியில் காரணம் தேடும் பயிற்சி

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி டாங்கி, கப்பல், விமானம் போன்றவற்றின் சிறிய மாதிரிகளைச் செய்வது பல நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்கு. இதில் ஈடுபடுவோர் தாம் செய்த மாதிரியைப் புத்தம் புதிதாக விட்டுவிடுவதில்லை. வெயிலும் மழையும் சேறும் மனிதக் கால்களும் பட்டுப் பழகிய தோற்றத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். அவற்றுள் தனிப் பயிற்சி தேவைப்படும் ஒரு வேலை, பனிக்காலத்துக்காக அடித்த வெள்ளைப் பூச்சு தேய்ந்து அடிநிறம் வெளியே தெரிவதைக் காட்டுவது. வரலாறு, அறிவியல், கணக்கு, ஓவியம் ஆகிய நான்கு பாடங்களும் இதில் சேர்ந்து வருகின்றன. எந்த அடையாளத்துக்கும் காரணம் கேட்கும் பழக்கத்தை மாணவர்களிடம் வளர்க்க விரும்பும் ஆசிரியருக்கு இது நல்ல கருவி.

வெள்ளை எதற்காக?

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது. குளிர்காலத்துக்கு முன்பே போர் முடிந்துவிடும் என்று ஜெர்மன் தலைமை கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு தவறியது. மாஸ்கோவுக்கு அருகே வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கிய நிலையில், டிசம்பர் 5 அன்று சோவியத் படைகள் எதிர்த்தாக்குதலைத் தொடங்கின. அப்போது ஜெர்மன் டாங்கிகளின் நிறம் கருஞ்சாம்பல். சோவியத் டாங்கிகளின் அடிநிறம் கரும்பச்சை. பனி மூடிய சமவெளியில் இரண்டும் வெகுதூரத்திலிருந்தே தெரியும்.

ஆகவே இரு தரப்பினரும் டாங்கிகளுக்கு வெள்ளையடித்தனர். பனி உருகியதும் பச்சை நிலத்தில் வெள்ளை நிறமே ஆபத்தாகிவிடும் என்பதால், கழுவி நீக்கக்கூடிய தற்காலிகப் பூச்சையே பயன்படுத்தினர். சுண்ணாம்பு, சாக்குத்தூள் போன்றவற்றைத் தண்ணீரில் கரைத்து, பெரிய தூரிகைகளாலும் கையில் கிடைத்த பிற பொருள்களாலும் அவசரமாகப் பூசினர். பூச்சு கிடைக்காத இடங்களில் வெள்ளைத் துணியைப் போர்த்தியதும் உண்டு. வண்டி எண்ணும் படைச் சின்னமும் மறையாதிருக்க அவற்றைச் சுற்றி மட்டும் பூசிய டாங்கிகளைப் பழைய ஒளிப்படங்களில் காணலாம்.

பூச்சு ஏன் நிலைக்கவில்லை?

சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு சில ஆண்டுகள் நிற்கிறது. டாங்கியில் அடித்தது சில வாரங்களிலேயே தேய்ந்தது. இந்த வேறுபாட்டை வேதியியல் பாடத்தோடு இணைக்கலாம். சுண்ணாம்பு நீரில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் வினைபுரிந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சுவரின் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் சுண்ணாம்பு உள்ளே இறங்கி, அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. டாங்கியின் தகடு ஏற்கெனவே வர்ணம் பூசப்பட்ட வழுவழுப்பான பரப்பு. அதில் சுண்ணாம்பு இறங்கிப் பிடிக்க இடமில்லை. அதன் மேல் இயந்திர அதிர்வும், உருகிய பனிநீரும், உராய்வும் சேர்ந்தால் பூச்சு உதிராமல் என்ன செய்யும்?

இங்கிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. வலுவற்ற வெள்ளை உதிர்ந்தபோது, தொழிற்சாலையில் பூசிய அடிநிறம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. எனவே வெள்ளை போன இடத்தில் பச்சையோ சாம்பலோதான் தெரிய வேண்டும். புதிதாக மாதிரி செய்வோர் பலர் அங்கெல்லாம் வெறும் இரும்பையும் துருவையும் தீட்டிவிடுகிறார்கள். பல டாங்கிகள் களத்தில் சில மாதங்கள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தடித்த துரு படிய அவற்றுக்குக் காலமே இருக்கவில்லை.

எங்கே தேய்ந்திருக்கும்?

சோவியத் டி-34 டாங்கியை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு பேர் பணியாற்றினர். ஓட்டுநர் முன்தகட்டில் உள்ள மூடி வழியாக ஏறி இறங்குவார். 1941ஆம் ஆண்டு வகையில், மேலே சுழலும் கோபுரத்தில் இருந்த இருவருக்கும் ஒரே பெரிய மூடிதான். ஆகவே இந்த இரண்டு மூடிகளின் ஓரங்களிலும், அங்கே ஏறக் கால் வைக்கும் இடங்களிலும் வெள்ளை முதலில் போய்விடும்.

சோவியத் காலாட்படை வீரர்கள் டாங்கியின் மேல் அமர்ந்தே களத்துக்குச் சென்றனர். பின்பகுதித் தளத்திலும் கோபுரத்தின் பக்கங்களிலும் அவர்களது காலணியும் உடையும் உரசின. அதே பின்பகுதிக்கு அடியில்தான் டீசல் இயந்திரம் இருந்தது. அதன் வெப்பத்தில் பனி உருகி, வெள்ளையைக் கரைத்துக்கொண்டு வழியும். எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றி எண்ணெய்க் கறை படியும். சாய்வான பக்கத் தகடுகளில் நீர் மேலிருந்து கீழாகக் கோடுகளாக இறங்கும். சக்கரங்களுக்கு அருகே சேறும் கல்லும் அடித்து வெள்ளையைச் சுரண்டும். கை எட்டாத, கால் படாத மூலைகளில் மட்டும் பூச்சு கெட்டியாக மிஞ்சும்.

இந்தப் பட்டியலை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. டாங்கியின் எளிய கோட்டுப்படத்தைக் கொடுத்து, "நான்கு பேர் தினமும் ஏறி இறங்குகிறார்கள், இயந்திரம் பின்னால் இருக்கிறது, எங்கெல்லாம் தேயும்?" என்று கேட்டால் மாணவர்களே பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடுவார்கள்.

அளவை மறக்கக் கூடாது

டாங்கி மாதிரிகளில் மிகவும் புழக்கத்தில் உள்ள விகிதம் 1/35. டி-34 டாங்கியின் உடற்பகுதி ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம். மாதிரியில் அது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். 28 சென்டிமீட்டர் நீளமுள்ள காலணித் தடம் 8 மில்லிமீட்டராகிவிடும்.

இதையே திருப்பிப் போட்டால் கணக்கு இன்னும் பயனுள்ளதாகும். மாதிரியில் 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீறல் போட்டால், உண்மையான டாங்கியில் அது 3.5 சென்டிமீட்டர் அகலமுள்ள காயம். 5 மில்லிமீட்டர் அகலத்தில் வடிந்த கோடு, உண்மையில் 17.5 சென்டிமீட்டர். அப்படி ஒரு கோடு எதனால் வரும் என்று மாணவரால் காரணம் சொல்ல முடியாவிட்டால், தூரிகையை மாற்ற வேண்டும். விகிதம் என்ற கருத்தை ஏட்டுக் கணக்கிலிருந்து கைவேலைக்குக் கொண்டுவர இது போதுமான எடுத்துக்காட்டு.

கலைஞர்களின் செய்முறைகள்

அனுபவமுள்ளவர்கள் முதலில் வேண்டாத பிளாஸ்டிக் துண்டில் பழகிவிட்டுத்தான் மாதிரியைத் தொடுவார்கள். பரவலாக உள்ள முறைகள் மூன்று.

முதலாவது, ஹேர் ஸ்ப்ரே முறை. அடிநிறத்தைப் பூசி நன்கு காயவிட்டு, வார்னிஷால் காப்பிடுவார்கள். அதன் மேல் ஹேர் ஸ்ப்ரேயை மெல்லியதாக இரண்டு முறை தெளித்து உலரவிடுவார்கள். பிறகு தண்ணீரில் நீர்த்த அக்ரிலிக் வெள்ளையைப் பூசுவார்கள். அது தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், ஈரத் தூரிகையால் தேவையான இடங்களில் மட்டும் தேய்ப்பார்கள். இடையிலுள்ள ஹேர் ஸ்ப்ரே படலம் தண்ணீரில் இளகும் தன்மை உடையது. அது இளகும்போது மேலுள்ள வெள்ளையும் பெயர்ந்து வரும். அதிக நாள் காத்திருந்தால் வெள்ளை இறுகிவிடும். பிறகு அதைத் தேய்த்தெடுப்பது கடினம்.

இரண்டாவது, உப்பு முறை. அடிநிறத்தை ஈரப்படுத்தி, பொடித்த கல் உப்பை வேண்டிய இடத்தில் தூவி உலர்த்துவார்கள். மேலே வெள்ளை பூசிக் காய்ந்தபின் உப்பைத் தட்டிவிட்டால், உப்பு இருந்த இடத்தில் அடிநிறம் ஒழுங்கற்ற வடிவில் தெரியும்.

மூன்றாவது, ஸ்பாஞ்சு முறை. வெள்ளையின் மேல் அடிநிறத்தை ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி எடுப்பார்கள். இதில் எதுவும் உண்மையில் உதிர்வதில்லை. உதிர்ந்ததுபோன்ற தோற்றத்தை வரைகிறோம். முதல் இரண்டு முறைகளும் நிகழ்வையே சிறிய அளவில் நடத்திக்காட்டுகின்றன.

எந்த முறையானாலும் வரிசை மாறக் கூடாது. அடிநிறம், வெள்ளை, தேய்மானம், கடைசியில் சேறு. வசந்தகாலச் சேறு தேய்ந்த வெள்ளையின் மேல்தான் படிந்திருக்கும். அகழாய்வுக் குழியில் கீழடுக்கு பழையது என்று கற்பிக்கும் ஆசிரியர், அதே தர்க்கத்தை இங்கே தொட்டுக் காட்டலாம்.

வகுப்பறைக்கு ஏற்ற வடிவம்

விலையுயர்ந்த மாதிரி எதுவும் வேண்டாம். ஹேர் ஸ்ப்ரே எளிதில் தீப்பற்றக்கூடியது. வகுப்பறையில் அதைத் தவிர்ப்பதே நல்லது. சுண்ணாம்பும் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். பாதுகாப்பான சோதனை ஒன்று:

ஒரே அளவுள்ள மூன்று தகர மூடிகளுக்கு ஆசிரியர் முதல் நாளே கரும்பச்சை எனாமல் வர்ணம் பூசி நன்கு காயவிடவும். சாக்குத்தூளைத் தண்ணீரில் குழைத்து மூன்று கிண்ணங்களில் எடுக்கவும். முதலாவதில் பசை சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் அரைத் தேக்கரண்டி, மூன்றாவதில் இரண்டு தேக்கரண்டி வெள்ளைப் பசை சேர்க்கவும். ஒவ்வொன்றையும் ஒரு மூடியில் பூசி உலர்த்தவும். பிறகு ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் ஒரே அழுத்தத்தில் 20 முறை தேய்க்கவும். கட்டம் போட்ட ஒளிபுகும் தாளை மேலே வைத்து, வெள்ளை மிஞ்சிய கட்டங்களை எண்ணிச் சதவீதம் காணவும்.

மாற்றியது எது, மாற்றாமல் வைத்தது எது, அளந்தது எது என்று மாணவர்கள் எழுத வேண்டும். தொடக்க வகுப்புகளில் எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். உயர்நிலை வகுப்புகளில், "கழுவ எளிதாகவும் வேண்டும், ஒரு மாதமாவது நிற்கவும் வேண்டும் என்றால் எந்தக் கலவை?" என்ற கேள்வியைச் சேர்க்கலாம். அன்றைய படைவீரர்களுக்கும் இதே சிக்கல்தான் இருந்தது.

மதிப்பிடும்போது

அழகுக்கு மதிப்பெண் கொடுத்தால் ஓவியத் திறன் உள்ள மாணவரே எப்போதும் முந்துவார். ஒவ்வொரு மாணவரும் தம் வேலையில் மூன்று அடையாளங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எதனால் வந்தது என்று விளக்கட்டும். விளக்கத்துக்கே மதிப்பெண். சான்றுகளை ஐயத்துடன் பார்க்கவும் பழக்கலாம். கறுப்புவெள்ளை ஒளிப்படத்தில் வெளிறித் தெரிவது வெள்ளைப் பூச்சாக இருக்கலாம், தூசியாகவோ உறைபனியாகவோகூட இருக்கலாம். அருங்காட்சியகத்தில் நிற்கும் டாங்கிக்குப் பின்னாளில் புதிதாக வர்ணம் பூசியிருக்கலாம்.

பீரங்கியைக் கண்டதும் மாணவர்களின் உற்சாகம் வேறு திசையில் போவது இயல்பு. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த வெள்ளையை யார், ஏன் பூசினார்கள் என்பது. கடுங்குளிரில், எதிரியின் கண்ணில் பட்டால் உயிர் போகும் என்ற அச்சத்தில் மனிதர்கள் பூசியது அது. அதே குளிர்காலத்தில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடு நகரில் பொதுமக்கள் பெருந்தொகையில் பசியால் மடிந்தனர். மூடியின் ஓரத்தில் தேய்ந்திருக்கும் அந்தச் சிறு இடம், ஒருவர் நாள்தோறும் கால் வைத்து ஏறிய இடம். அதை மாணவர்களிடம் சொன்ன பிறகு தூரிகையைக் கொடுங்கள்.