மாநாட்டுக்கு முந்தின இரவு

உள்ளே விட்டுவிட்டார்கள்!

2019 ஒக்டோபர் 2, இரவு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் பதாகை அடிக்கும் கடை. கதவைப் பாதிக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் மையின் காரம் மூக்கில் ஏறுகிறது. இயந்திரம் இடமும் வலமுமாக ஓடி ஓடிப் பச்சையைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நாளைக் காலை, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சுகததாச உள்ளரங்கில் ஐக்கிய தேசியக் கட்சியின் மாநாடு. நாளைக்கு எல்லோரும் பார்க்கப்போவது மாலையும் சிரிப்பும் கைதட்டலும். அதற்கு முந்தின இரவு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? செருப்பைக் கழற்றி வையுங்கள், தரை முழுக்கக் காயாத பிளெக்ஸ். சுவரோடு ஒட்டி வாருங்கள்.

கணினிக்கு முன்னால் இருக்கும் தம்பி என்னைக் கண்டதும் கதிரையைத் திருப்புகிறான். "அக்கா, ஒண்ணு காட்டவா? யார்கிட்டயும் சொல்லாதீங்க." அதை நான் இப்போது ஊருக்கே சொல்கிறேன். பேரைச் சொல்லவில்லை, அவனுக்குச் சம்மதம்தான். திரையில் மூன்று ஃபைல்கள். ஒன்றில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, ஒன்றில் அமைச்சர் சஜித் பிரேமதாச, மற்றொன்றில் சபாநாயகர் கரு ஜயசூரிய. ஓகஸ்டிலிருந்தே மூன்றையும் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தானாம். ஜனாதிபதித் தேர்தலுக்கு யார் பேர் வந்தாலும் அன்றிரவே அடித்துக் கொடுக்க வேண்டும் அல்லவா!

எதிர்முகாமில் கோட்டாபய ராஜபக்ஷவின் பெயரை ஓகஸ்ட் 11ஆம் திகதியே அறிவித்துவிட்டார்கள். இங்கே செப்டெம்பர் 26 வரை இழுபறி. அன்றுதான் கட்சியின் செயற்குழு சஜித்தை வேட்பாளராக ஏற்றது. "அன்னிக்குப் பொழுதுபட்டதும் போன் நிக்கவே இல்ல அக்கா. மத்த ரெண்டு ஃபைலையும் அழிக்கப் போனேன். முதலாளி விடல." முதலாளி அண்ணன் பிளேன் டீயை உறிஞ்சியபடி தலையசைக்கிறார். "அழிக்காத. இந்தக் கட்சியில எதுவும் முடிஞ்சதுன்னு சொல்ல ஏலாது."

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. பேட்டைக் கிளை ஒன்றின் வரவேற்புப் பதாகை. ஒரு பக்கம் தலைவர், ஒரு பக்கம் வேட்பாளர். தொலைபேசி அடிக்கிறது. "தலைவர் படத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க." ஆக்குகிறான். மறுபடி அடிக்கிறது, இது வேறு குரல். "வேட்பாளர் என்ன மூலையில நிக்கிறாரு?" இழுக்கிறான், நகர்த்துகிறான், சுருக்குகிறான். கடைசியில் முதலாளி எழுந்து வந்து, மேசையில் கிடந்த அடிமட்டத்தைத் திரையிலேயே வைத்து இரண்டு முகங்களையும் அளக்கிறார். நெற்றி முதல் நாடி வரை சரிசமம்! வளையம் அடித்துக்கொண்டிருந்த பையன்கள் கைதட்டுகிறார்கள். அந்தக் கட்சி இரண்டு வருடமாகப் போட்ட சண்டையும் அதன் முடிவும் அந்த அடிமட்டத்தில் இருந்தன. வேட்பாளர் புதியவர், தலைவர் பழையவர், இரண்டு பேரும் ஒரே உயரம்.

சண்டை வந்த கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரணில் 1994 நவம்பரிலிருந்து தலைவர். 1999இலும் 2005இலும் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார். 2010இலும் 2015இலும் வெளியிலிருந்து வந்த பொது வேட்பாளர்களுக்குக் கட்சி வேலை செய்தது. 2015இல் அரசாங்கம் கையில் வந்தது, கூடவே மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரமும் வந்தது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் பலத்த அடி. ஏப்ரலில் நம்பிக்கையில்லாப் பிரேரணை, அதை 122க்கு 76 என்று தாண்டினார். ஒக்டோபரில் ஜனாதிபதி சிறிசேன அவரைப் பதவியிலிருந்து தூக்கினார், டிசெம்பரில் அவர் மீண்டும் பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தார். அந்த வாரங்களில் கட்சி அவரைச் சுற்றி ஒன்றாக நின்றது. எனக்கு அது இன்றைக்கும் வியப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபோது அந்த ஒற்றுமையும் உடைந்தது. தாக்குதல் பற்றிய எச்சரிக்கை தனக்குத் தரப்படவில்லை என்று நாட்டின் பிரதமர் சொன்னதைக் கேட்ட மக்களுக்கு அவர்மேல் எஞ்சியிருந்த நம்பிக்கையும் போனது. ஓகஸ்டில் பதுளையிலும் மாத்தறையிலும், செப்டெம்பரில் குருநாகலிலும் சஜித்துக்காகக் கூட்டங்கள். மேடையில் நின்றவர்கள் அதே அரசாங்கத்தின் அமைச்சர்கள்.

சரி, பட்டா லொறி வந்துவிட்டது! பதாகைகளைச் சுருட்டி ஏற்றுகிறார்கள். எனக்கு முன் இருக்கையில் பாதி இடம், மற்றப் பாதியில் கயிற்றுச் சுருள். ஏணி எடுக்க ஆமர் வீதிப் பக்கம் சுற்றிப் போகிறோம். சந்தி நெருங்கும்போது சாரதி ஐயா வண்டியின் வேகத்தைக் குறைக்கிறார். "இங்கதான் பெரியவர் செத்தது" என்று மட்டும் சொல்கிறார். 1993 மே தின ஊர்வலத்தில் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச கொல்லப்பட்ட இடம். வாழைத்தோட்டத்தில் வளர்ந்து, கொழும்பு மத்தியின் தெருத் தெருவாக அரசியல் செய்தவர், சஜித்தின் தந்தை.

அவரையும் சொந்தக் கட்சியே இறக்கப் பார்த்தது. 1991 ஓகஸ்டில் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் சக எம்.பி.க்களிடம் இரகசியமாகக் கையெழுத்துச் சேர்த்துக் குற்றப்பிரேரணை கொண்டுவந்தார்கள். சபாநாயகர் எம்.எச். முஹம்மத் முதலில் ஏற்றார். செல்லுபடியான கையெழுத்துகள் போதாது என்று ஒக்டோபரில் நிராகரித்தார். கிளர்ச்சி செய்தவர்களைக் கட்சி வெளியே போட்டது. தந்தையைத் தலைமையிலிருந்து அகற்ற நடந்த முயற்சிக்கும், மகன் தலைவரை எதிர்த்து எழுந்ததற்கும் நடுவில் இருபத்தெட்டு ஆண்டுகள். லொறிக்குள் அதை நினைத்ததும் எனக்குச் சிலிர்த்தது. சாரதி ஐயாவோ ஏணிக்காரருடன் வாடகைக்குப் பேரம் பேசத் தொடங்கியிருந்தார்.

அரங்கின் பின்வாசல்! பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள், தண்ணீர்ப் போத்தலையும் திறந்து காட்ட வேண்டும். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் லொறியில் வந்த பையன்களில் ஒருவனின் வீடு அந்தத் தெருவில். சோதனை முடியும்வரை கையிரண்டையும் உயர்த்தியபடி பேசாமல் நின்றான்.

உள்ளே அடேயப்பா, என்ன அமர்க்களம்! பிளாஸ்டிக் கதிரைகள் கூரையைத் தொடுமளவுக்கு அடுக்கிக் கிடக்கின்றன. ஏணியின் உச்சியில் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர், வாயில் ஆணி, தோளில் பச்சைத் துணி. கீழிருந்து இருவர் கத்துகிறார்கள், ஒருவர் சிங்களத்தில் "வமட்ட" (இடப்பக்கம்), ஒருவர் தமிழில் "வலப்பக்கம்". வாயில் ஆணி இருப்பதால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை, காலால் சைகை செய்கிறார். மைக் சோதிப்பவர் ஒன்று, இரண்டு எண்ணி அலுத்துப்போய்ப் பழைய பாட்டொன்றை முனகத் தொடங்க, கதிரை போடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். வியர்வை, தூசி, கிழங்கு பணிஸ் மணம். அட்டைப் பெட்டியைப் பிரித்து எனக்கும் ஒன்று நீட்டினார்கள். அவ்வளவு சூடான பணிஸை எந்த விருந்திலும் நான் தின்றதில்லை.

மேடைக்குப் பின்னால் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதுதான் உண்மையான விவாதம் நடந்தது. டட்லி சேனாநாயக்க காலத்திலிருந்தே கட்சிக்காரர் என்று ஒரு முதியவர். "தலைவரை மாத்தத்தானே எல்லாரும் சத்தம் போட்டாங்க. இப்ப வேட்பாளரை மட்டும் மாத்தியிருக்கு. வென்றா யார் பேச்சுக்கு யார் கேக்கிறது?" பக்கத்தில் இருந்த இளைஞன் விடவில்லை. "முதல்ல வெல்லுவம் ஐயா. மத்தது தன்னால வரும்." "தன்னால எதுவும் வராது மகன். 2011இலும் பார்த்தம்." அந்த டிசெம்பரில் தலைவர் பதவிக்கு இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. ரணிலுக்கு 72, கரு ஜயசூரியவுக்கு 24. வாக்களித்தது செயற்குழுவும் எம்.பி.க்களும். அந்தச் செயற்குழுவில் பலரைத் தலைவரே நியமிப்பார். முதியவர் இதை விரல் விட்டு எண்ணிச் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

நான் வெள்ளவத்தைக்காரி. எங்கள் பக்கத்துக் கடைகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் செப்டெம்பர் மாதம் முழுக்க இதே பேச்சுத்தான். யார் வேட்பாளர் என்ற இழுபறியில் ரணில் சஜித்திடம் கேட்ட ஒன்று, பங்காளிக் கட்சிகளின் ஆதரவைக் காட்டு என்பது. ஆகவே அந்தக் கட்சிகளின் தலைவர்களான மனோ கணேசனும் ரவூப் ஹக்கீமும் ரிஷாட் பதியுதீனும் என்ன சொல்லப்போகிறார்கள் என்று காலி வீதியில் சோற்றுப் பார்சலுக்கு நிற்கிறவர்கள்கூடக் கணக்குப் போட்டார்கள். கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் தலைமுறைகளாகக் கட்சியின் யானைச் சின்னத்துக்கு வாக்குப் போட்ட இடங்கள். அந்த யானையை யார் நடத்துவது என்று எங்களிடம் ஒருபோதும் கேட்டதில்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பையன்களும் அதைத்தான் சொன்னார்கள்: கொடி கட்ட வேண்டும், கதிரை போட வேண்டும், கைதட்ட வேண்டும்.

காலையில் திரையோரம் நின்று எட்டிப் பார்த்தேன். இரவில் தூசியாகக் கிடந்த அரங்கு பச்சைக் கடல்! "ஜயவேவா" முழக்கம் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. ரணில் தலைமையில் மாநாடு சஜித்தை ஏகமனதாக ஏற்றது. எங்கள் ஏணிக்காரர் என் பக்கத்தில் நின்று, மேடைத் திரைச்சீலையின் வலது மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அது கடைசிவரை விழவில்லை. விழாததைப் பார்த்து அவர் முகத்தில் வந்த பெருமையை எந்தப் படப்பிடிப்பாளரும் எடுக்கவில்லை.

கடையில் வேலை முடியவில்லை. சஜித் அன்னம் சின்னத்தில் போட்டியிட்டார், 2010க்கும் 2015க்கும் அடித்த அன்னத்தைத் தம்பி மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. நவம்பர் 16இல் தேர்தல். கோட்டாபயவுக்கு 69,24,255 வாக்குகள், சஜித்துக்கு 55,64,239. கொழும்பு மத்தியும் வடக்கும் சஜித்துடன் நின்றன, நாடு நிற்கவில்லை. தேநீர் நேரத்தில் அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு அதன்பிறகும் யாரும் வாக்குப்பெட்டி வைக்கவில்லை. 2020இல் சஜித் ஐக்கிய மக்கள் சக்தியோடு வெளியேறினார். ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் அவருக்கு 54 ஆசனங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு நாடு முழுவதிலும் 2,49,435 வாக்குகள், தேசியப் பட்டியலில் ஒரே ஓர் ஆசனம். கொழும்பு மாவட்டத்தில் ஒன்றும் இல்லை.

கொடி கட்டியவர்களுக்கும் வாக்கு இருந்திருந்தால் அந்தக் கட்சி இரண்டாகியிராது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஏதாவது ஒரு கட்சியின் அங்கத்தவர் அட்டை உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதா? அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: தலைவரைத் தெரிவு செய்ய எனக்கு இரகசிய வாக்கு எப்போது தருவீர்கள்?