'யார் மேல தப்பு?' - கப்புள் கவுன்சலிங்கில் கேட்கப்படாத ஒரே கேள்வி!

தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவது என்பதில் ஆரம்பிக்கும். "போன வருஷமும் உங்க வீட்லதானே இருந்தோம்?" என்பார் மனைவி. "எங்கம்மா தனியா இருக்காங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்பார் கணவர். ஐந்தே நிமிடத்தில் பேச்சு, வளைகாப்பு அன்று யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதில் போய் நிற்கும். பத்தாவது நிமிடம் ஒருவர் கதவைச் சாத்திக்கொள்வார். இன்னொருவர் போனை எடுத்துக்கொள்வார். மறுநாள் காலை காபி வரும்; பேச்சு வராது.

இது நடக்காத வீடு இல்லை. ஆனால், இதுவே வருடக்கணக்கில் தொடர்ந்தால் என்ன செய்கிறோம்? பெரியவர்களைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கிறோம். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா", "ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்" என்ற அறிவுரைகளோடு அது முடியும். கவுன்சலிங் என்று யாராவது சொன்னால், "எங்களுக்கென்ன பைத்தியமா?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

விளைவு, பல தம்பதிகள் ஒரு கவுன்சலரை முதன்முதலாகப் பார்ப்பதே குடும்பநல நீதிமன்றத்தில்தான்!

நீதிமன்றமே முதலில் அதைத்தான் சொல்கிறது

1984-ம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டம், தம்பதியைச் சேர்த்துவைக்க வாய்ப்பிருந்தால் அதற்கான முயற்சியை முதலில் எடுப்பது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. இந்த நீதிமன்றங்களில் கவுன்சலர்கள் இருப்பது அதற்காகத்தான். இந்து திருமணச் சட்டத்தின்படி பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து கேட்பவர்கள் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகும் 6 மாத இடைவெளி உண்டு. சேர்ந்து வாழ வழியே இல்லாத நிலையில் இந்த 6 மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மனு போட்ட பிறகு நடக்கும் கவுன்சலிங்கில், இருவரின் மனதிலும் ஏற்கெனவே வழக்கறிஞர்தான் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வார்த்தையும் சாட்சியாகிவிடுமோ என்ற பயம் இருக்கும். இதே உதவியை நான்கைந்து வருடங்களுக்கு முன்பே தேடியிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கலாம்.

பஞ்சாயத்து வேறு... கவுன்சலிங் வேறு!

பஞ்சாயத்தில் உட்காரும் சித்தப்பாவும் தாய்மாமனும் யாரோ ஒருவருடைய உறவு. அங்கே தீர்ப்பு உண்டு. ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தோல்வி வலிக்கும். அடுத்த சண்டையில் அது வெளியே வரும்.

கவுன்சலர் தீர்ப்பு சொல்வதில்லை. பொதுவாக முதல் சந்திப்பில் இருவரையும் சேர்த்துப் பார்ப்பார். பிறகு தனித்தனியாகப் பேசுவார். அதன்பின் இருவரும் சேர்ந்து, வாரத்துக்கு ஒன்றாக, ஒரு மணி நேர அமர்வுகள் தொடரும். அவர் கவனிப்பது, நீங்கள் எதற்காகச் சண்டை போடுகிறீர்கள் என்பதைவிட, எப்படிச் சண்டை போடுகிறீர்கள் என்பதைத்தான். பேசியவை ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் உரிமையாகவே சொல்கிறது.

தீராத சண்டைகள் 69 சதவிகிதம்!

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜான் காட்மேன், பல ஆண்டுகள் தம்பதிகளைப் பேசவிட்டுப் படம்பிடித்து ஆராய்ந்தவர். இதயத் துடிப்பைக்கூட அளந்தார். அவருடைய கண்டுபிடிப்புகளில் முக்கியமானது, தம்பதிகளுக்குள் வரும் பிரச்னைகளில் சுமார் 69 சதவிகிதம் ஒருபோதும் முழுமையாகத் தீருவதில்லை என்பது. சந்தோஷமாக வாழும் தம்பதிகளுக்கும் இதே நிலைதான்.

ஒருவர் சிக்கனம், இன்னொருவர் தாராளம். ஒருவருக்குச் சொந்தபந்தம் வேண்டும், இன்னொருவருக்குத் தனிமை வேண்டும். இவை குணத்தோடு பிறந்தவை. தீபாவளி யார் வீட்டில் என்பது அடுத்த வருடமும் வரத்தான் போகிறது. அதைப் பேசி முடித்த பிறகும் இருவரும் சேர்ந்து சாப்பிட முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இந்த 4 பழக்கங்களைக் கவனியுங்கள்

உறவை அரிப்பவை என்று காட்மேன் குறிப்பிடும் நான்கும் நம் வீடுகளுக்குப் பழக்கமானவைதான்.

1. ஆளைக் குறை சொல்வது: "கரன்ட் பில் கட்ட மறந்துட்டீங்க, எனக்குக் கோபமா இருக்கு" என்பது புகார். "உங்களுக்குப் பொறுப்புன்னு ஒண்ணு எப்பவாவது இருந்திருக்கா?" என்பது ஆளையே குறை சொல்வது. முதலாவதுக்குப் பதில் உண்டு. இரண்டாவதுக்குச் சண்டைதான் பதில்.

2. ஏளனம்: "உங்க குடும்பமே அப்படித்தான்" என்பது, பேசுவதைப் போலவே பேசிக்காட்டுவது, பிள்ளைகள் முன்னால் மட்டம் தட்டுவது. நான்கில் மிக மோசமானது இதுதான் என்கிறார் காட்மேன்.

3. பதிலுக்குப் பதில்: "நான் மட்டும்தானா? நீ அன்னைக்கு என்ன பண்ணினே?" இதில் சொன்னவரின் வலி யார் காதிலும் விழாது.

4. மௌனச் சுவர்: முகம் கொடுக்காமல் இருப்பது, எழுந்து போய்விடுவது, நாள்கணக்கில் பேசாமலிருப்பது.

நான்காவதற்கு உடல் ரீதியான காரணமும் உண்டு. கோபத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும்போது, எதிரே இருப்பவர் சொல்வது மூளைக்குள் ஏறாது. அப்போது பேசித் தீர்ப்பது நடக்காத காரியம். குறைந்தது 20 நிமிடங்கள் இடைவெளி தேவை. ஆனால், "எனக்கு இப்ப முடியல, ராத்திரி சாப்பிட்ட பிறகு பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு விலகுங்கள். சொல்லாமல் போனால் அது தண்டனை. சொல்லிவிட்டுப் போனால் அது ஓய்வு.

"மழை வர்ற மாதிரி இருக்குல்ல?"

இன்னொரு ஆய்வில், புதுமணத் தம்பதிகளை வீடு போன்ற ஓர் ஆய்வகத்தில் தங்கவைத்து கவனித்தார்கள். ஒருவர் சாதாரணமாக ஏதாவது சொல்லும்போது மற்றவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிறாரா என்று கணக்கெடுத்தார்கள். 6 ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தே இருந்தவர்கள், அப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவிகிதத்துக்குக் காதுகொடுத்திருந்தார்கள். பிரிந்துவிட்டவர்களிடம் அது 33 சதவிகிதம்தான்.

"மழை வர்ற மாதிரி இருக்குல்ல?" என்று துணை கேட்பது வானிலை அறிக்கைக்காக அல்ல. போனிலிருந்து கண்ணெடுக்காமல் "ம்..." என்றால், அங்கே ஒரு சின்னக் கதவு சாத்தப்படுகிறது.

1980-களில் உருவான இன்னொரு சிகிச்சை முறையும் இதைத்தான் தொடுகிறது. உளவியலாளர்கள் சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பெர்க் இருவரும் உருவாக்கிய இந்த முறை, கோபத்துக்கு அடியில் இருக்கும் பயத்தைப் பேசவைக்கிறது. "எப்பப் பாரு ஆபீஸ்தான்" என்ற வாக்கியத்துக்குள், "நான் உனக்கு முக்கியம்தானா?" என்ற கேள்வி ஒளிந்திருக்கலாம். அந்தக் கேள்வி வெளியே வந்தால், எதிரே இருப்பவருக்கு அடிக்கத் தோன்றாது, அணைக்கத் தோன்றும். இந்தச் சிகிச்சை பொதுவாக 8 முதல் 20 அமர்வுகள் வரை நடக்கும்.

யாருக்கு இது சரிவராது?

அடி, மிரட்டல், வெளியே போகவிடாமல் தடுப்பது, பணத்தைப் பிடுங்கிவைப்பது... இவை இருக்கும் இடத்தில் இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் கவுன்சலிங் ஆபத்தாகவும் முடியலாம். அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழக்கூடும். இது 'இருவருக்கும் இடையிலான பிரச்னை' அல்ல; குற்றம். பெண்களுக்கான 181 உதவி எண்ணும், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இதற்காகவே இருக்கின்றன. முதலில் பாதுகாப்பு, பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கே போவது, எப்படிக் கூப்பிடுவது?

கவுன்சலரிடம் அவருடைய படிப்பு, தம்பதிகளுக்கான பயிற்சி, கட்டணம் மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். மன அழுத்தம் அதிகமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

துணை வர மறுக்கிறாரா? "உங்களைத் திருத்தணும், வாங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள். "ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பச் சண்டை போடுறோம். எனக்கு அசதியா இருக்கு. எப்படிப் பேசுறதுன்னு ரெண்டு பேரும் கத்துக்கலாமா?" என்று கேட்டுப்பாருங்கள். அப்படியும் வரவில்லையா? நீங்கள் மட்டும் போங்கள். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். அதன் போக்கை மாற்ற ஒருவர் தொடங்கினாலே போதும்.