உங்களுக்குத் தெரியுமா? இடது பக்கம் படுத்தால் நெஞ்செரிச்சல் குறையும்

நெஞ்செரிச்சல் இதயத்தில் வருவதல்ல. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டிய அது, நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலேறி எரிகிறது.

இரவில் தொல்லை என்றால் இடது பக்கமாகப் படுத்துப் பாருங்கள். இரைப்பையில் தேங்கும் அமிலம் அந்த வாசலுக்குக் கீழே நின்றுவிடும். வலது பக்கம் சாய்ந்தால் வாசலே அமிலத்தில் மூழ்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டை வைப்பதும் உதவும். தலையணை மேல் தலையணை அடுக்க வேண்டாம். கழுத்துதான் மடங்கும், வயிறும் அழுந்தும்.

இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுங்கள் (பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடுகிறவர்களுக்கு இது கசக்கும்). தொப்பை குறைந்தால் எரிச்சலும் குறையும். செரிமானத்துக்கு நல்லதென்று பலர் மெல்லும் புதினா, அந்தத் தசையைத் தளர்த்திச் சிலருக்கு எரிச்சலைக் கூட்டவும் செய்யும்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுப்பு மலம் இருந்தால் வீட்டு வைத்தியம் போதாது, மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், வாயுத்தொல்லை என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.