பழைய 303-க்கு வீட்டுத் தோட்டா

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கடையில் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகாமல் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். குண்டிலும் மருந்திலும் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தியாவில் 303 துப்பாக்கியைப் பார்க்காதவர்கள் குறைவு. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் சென்ட்ரியின் தோளில், வாக்குச்சாவடியில், குடியரசு தின அணிவகுப்பில் என்று எல்லா இடங்களிலும் அது இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தோடு அதற்கு விடைகொடுத்தது. ஆனால் அமெரிக்காவில் அந்தத் துப்பாக்கி இன்னும் ஓய்வு பெறவில்லை. 1980-களிலும் 90-களிலும் பல நாட்டு ராணுவங்கள் கழித்துக்கட்டிய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் அங்கே விற்பனைக்குப் போயின. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்தவையும் அவற்றில் உண்டு. வாங்கியவர்கள் வார இறுதியில் இலக்குச் சுடுதலுக்கும் மான் வேட்டைக்கும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

அன்று துப்பாக்கியோடு ராணுவத் தோட்டாக்களும் பெட்டி பெட்டியாக மலிவு விலையில் வந்தன. அந்தக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. இன்று கடையில் ஒரு 303 தோட்டா சுமார் 2 டாலர். ஒரு காலை நேரத்தில் ஐம்பது முறை சுட்டால் நூறு டாலர் காலி. எனவேதான் பலர் வீட்டுக் கொட்டகையில் ஒரு சிறு அழுத்து இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டு, சுட்ட உறையிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்ய அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்றால்தான் உரிமம் வேண்டும்.

நான்கு பொருள், நான்கு விலை

நம் செய்தித்தாள்கள் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே எழுதுகின்றன. இந்தக் கணக்குக்கு இரண்டையும் பிரித்தாக வேண்டும். முழுப் பொருள்தான் தோட்டா. அதில் நான்கு பாகங்கள்: பித்தளை உறை, அதன் அடியில் நெருப்புப் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் வீணாகிவிடும். மிஞ்சுவது உறை மட்டும். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் லாபமே.

தோராயக் கணக்கு இது. புதிய உறை ஒரு டாலருக்குச் சற்று மேல். ஐந்து முறை பயன்பட்டால் ஒரு முறைக்கு 20 முதல் 25 சென்ட். பிரைமர் 8 சென்ட். ஒரு பவுண்டு மருந்து சுமார் 45 டாலர். மருந்தை கிரெயின் என்ற அளவில் நிறுப்பார்கள். பவுண்டுக்கு 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 40 கிரெயின் என்று வைத்தால் (இது விலைக் கணக்குக்காக மட்டுமே சொல்லும் அளவு) ஒரு பவுண்டில் 175 தோட்டாக்கள். ஆக மருந்துச் செலவு 26 சென்ட். நல்ல குண்டு 40 முதல் 50 சென்ட். எல்லாம் சேர்த்து ஒரு டாலர். கடை விலையில் பாதி.

இந்த லாபம் எல்லாத் துப்பாக்கிக்கும் கிடைக்காது. அமெரிக்கச் சந்தையில் கோடிக்கணக்கில் தயாராகும் .223 போன்ற தோட்டாக்களின் சாதாரண ரகம் கடையிலேயே மலிவு. அதை வீட்டில் செய்தால் சில சென்ட்கள்தான் மிச்சம். கடையில் அரிதாகவும் விலை கூடுதலாகவும் கிடைக்கும் 303 போன்றவற்றில்தான் வீட்டு வேலைக்குக் கூலி கிடைக்கிறது.

303-க்கு 308 ஆகாது

முதல் சபலம் குண்டில் வருகிறது. அமெரிக்காவில் மிகுதியாகவும் மலிவாகவும் கிடைப்பது .308 அங்குலக் குண்டு. அந்நாட்டின் பிரபலமான வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு அதுதான் அளவு. 303-ஐவிட 308 பெரிய எண்தானே, இறுக்கமாகப் பொருந்தும் என்று புதியவர் நினைக்கலாம். உண்மை நேர்மாறானது. 303 என்பது குழலுக்குள் இருக்கும் வரிமேடுகளுக்கு இடையிலான அளவு. குண்டு வரிப்பள்ளங்களையும் நிரப்ப வேண்டும். எனவே 303 துப்பாக்கிக்கான குண்டின் விட்டம் .311 அல்லது .312 அங்குலம். வித்தியாசம் ஒரு தலைமுடியின் பருமன்தான். ஆனால் அந்த இடைவெளியில் வாயு கசிகிறது, குண்டு சரியாகச் சுழல்வதில்லை, இலக்கு தவறுகிறது. பத்து சென்ட் மிச்சம் பிடித்துச் சுட்ட தோட்டா எல்லாமே வீண்.

அனுபவசாலிகள் முதலில் குழலை அளக்கிறார்கள். மெல்லிய ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டி மறுமுனையில் வெளியே எடுத்து, அதில் பதிந்த விட்டத்தை மைக்ரோமீட்டரில் பார்க்கிறார்கள். போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த குழல்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. அளவு தெரிந்தபின் சிக்கனத்துக்கு நியாயமான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, ஏ.கே.47 வகையின் 7.62 x 39 தோட்டாவுக்காகப் பெருமளவில் தயாராகும் குண்டு. அதன் விட்டம் .310 அல்லது .311 என்பதால் 303-ன் பல குழல்களுக்குப் பொருந்தும். எடை குறைவு என்றாலும் நூறு கஜ தூரப் பயிற்சிக்கு அது போதும். இன்னொன்று, பழைய ஈயத்தை உருக்கித் தானே வார்த்துக்கொள்ளும் குண்டு. இதற்குச் செலவு சில சென்ட்களே. ஈயப் புகைக்குக் காற்றோட்டமும், பின்பு கை கழுவும் பழக்கமும் கட்டாயம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா முற்றிலும் தடை என்பதால் அங்கே இது சுடுதளத்துக்கு மட்டுமே உதவும்.

இந்தச் சிக்கனத்துக்குப் பழைய மரபு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுக்குத் தட்டுப்பாடு வந்ததும், சுட்டுப்போட்ட .22 தோட்டாவின் காலி உறையையே குண்டின் மேலுறையாக மாற்றும் அச்சை ஃப்ரெட் ஹன்டிங்டன் என்ற அமெரிக்கர் செய்து விற்றார். ஆர்.சி.பி.எஸ். என்ற கருவி நிறுவனம் பிறந்தது அப்படித்தான்.

மருந்தில் கூடாத கஞ்சத்தனம்

மருந்தின் கதை வேறு. புகையில்லா மருந்துக்கு மூலப்பொருள், பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை நாரை அமிலத்தில் பதப்படுத்திய நைட்ரோசெல்லுலோஸ். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் பீரங்கிகளின் தேவை அதை இழுத்துக்கொண்டது. விலை ஏறியது. அதற்கு முன்பே, கொரோனா காலத்தில், ஆயிரம் 30 டாலருக்கு விற்ற பிரைமர் நூறு டாலரைத் தாண்டிப்போயிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கையில் கிடைத்த மருந்தை நிரப்பிப் பார்க்கும் ஆசை வரும்.

அங்கேதான் ஆபத்து. எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரியும், ரைஃபிள் மருந்து நின்று எரியும். ஒன்றின் அளவில் மற்றொன்றை நிரப்பினால் துப்பாக்கி வெடித்துவிடும். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு 303-க்கு வகுத்துள்ள அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு. 308 வின்செஸ்டருக்கு இது 62,000. எனவே 308-க்குச் சொன்ன அளவை 303-ல் போடவே கூடாது. சுடுபவரின் கன்னத்துக்கும் அந்த அழுத்தத்துக்கும் நடுவே இருப்பது சில அங்குல இரும்பு, அதுவும் பல சமயம் எண்பது ஆண்டுப் பழைய இரும்பு.

இன்னொரு மலிவு வழி, வார்த்த ஈயக் குண்டுக்குப் பின்னால் வேகமாக எரியும் மருந்தைச் சிறிதளவு போடுவது. ஒரு பவுண்டு நெடுநாள் வரும், தோள் அதிர்வும் குறைவு. கையேடுகளே இதற்கு அளவு தருகின்றன. ஆனால் உறையில் முக்கால்வாசி காலியாக இருப்பதால், கவனம் சிதறி இரண்டு முறை ஊற்றினாலும் வெளியே தெரியாது. அதனால் நிரப்பிய உறைகளை வரிசையாக நிறுத்தி, குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது விதி. மேஜையில் ஒரே நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பதும் விதி. லேபிள் இல்லாத மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது.

நியாயமான சிக்கனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே மருந்து பல துப்பாக்கிகளுக்கு உதவும்படி தேர்ந்தெடுப்பது ஒன்று. 4895 என்ற எண்ணுள்ள மருந்து நல்ல உதாரணம். அமெரிக்க ராணுவத்தின் 30-06 தோட்டாவுக்காக உருவான அதன் போர்க்கால மிச்சத்தை வாங்கி விற்றுத்தான் கன்சாஸின் புரூஸ் ஹாட்ஜ்டன் தன் வியாபாரத்தைத் தொடங்கினார். 303, 308, 30-06 மூன்றுக்குமே அதற்குக் கையேட்டில் தனித்தனி அளவு உண்டு. இன்னொன்று, எட்டு பவுண்டு டப்பாவாக வாங்குவது. மருந்தைக் கூரியரில் அனுப்ப ஆபத்துப் பொருள் கட்டணம் உண்டு என்பதால் நண்பர்கள் சேர்ந்து வாங்குவதும் வழக்கம். எந்த மருந்தானாலும் கையேட்டின் உச்ச அளவிலிருந்து சுமார் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் உச்ச அளவுக்கு முன்பே குறி நன்றாக விழும் ஓர் அளவு கிடைத்துவிடுகிறது. மருந்தும் மிச்சம், துப்பாக்கிக்கும் ஆயுள்.

உறை எச்சரிக்கும்

சேற்றிலும் சுட வேண்டிய துப்பாக்கி என்பதால் லீ-என்ஃபீல்டின் தோட்டா அறை தாராளமாகக் குடையப்பட்டது. அதனால் உறை ஒவ்வொரு முறையும் நீள்கிறது, அடிப்பக்கம் மெலிகிறது. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டு நெருடிப் பார்த்தால் மெலிந்த வளையம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அது குப்பைக்கு. இன்னொரு முறை தாங்கும் என்று வைத்துக்கொண்டால் உறை அறைக்குள்ளேயே இரண்டாக அறுந்துபோகும். முழு உறையையும் அச்சில் இறுக்காமல் கழுத்தை மட்டும் இறுக்கினால் உறையின் ஆயுள் கூடுகிறது. இதில் காசு செலவே இல்லை.

இங்கே முடியுமா?

முடியாது. ராணுவ அளவு என்பதால் 303 இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். உரிமம் உள்ளவர் வாங்கக்கூடியது 315 போன்றவைதான். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரத்தையும்கூடத் தோட்டாவாகவே கருதுகிறது. உரிமமின்றித் தயாரித்தால் 2019 திருத்தத்தின்படி ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, அதிகபட்சம் ஆயுள். சுடுதல் வீரர்களின் .22 தோட்டாவுக்கு இந்தக் கேள்வியே எழாது. அதில் பற்றவைக்கும் மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை சுட்டால் தீர்ந்தது.

303-ன் மருந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. அதன் பழைய தோட்டாவில் இருந்தது கார்டைட் என்ற கயிற்று மருந்து. அதன் பெயரைத் தாங்கி 1903-ல் நீலகிரி அருவங்காட்டில் நிறுவப்பட்ட தொழிற்சாலை இன்றும் உந்துமருந்து செய்கிறது. அங்கே அளவு பார்க்க ஆய்வுக்கூடமே இருக்கிறது. அமெரிக்கக் கொட்டகையில் இருப்பது ஒரு சின்னத் தராசும் ஒரு கையேடும். அந்த இரண்டை வாங்கும்போது மட்டும் மலிவு பார்ப்பதில்லை என்பது அங்கே பழகியவர்களின் கொள்கை.