பவளத் தொட்டியில் மக்னீசியம் அளவைப் பேணுதல்

பவளத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும் அவற்றுடன் வாழும் கடல் மீன்கள், நத்தைகள், பாசிகள் முதலியவற்றையும் உப்புநீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியாகும். இத்தொட்டியின் நீரில் மூன்று அளவுகள் முதன்மையாகக் கவனிக்கப்படுகின்றன. அவை கால்சியம், காரத்தன்மை, மக்னீசியம் ஆகியவை. முதல் இரண்டும் பவளத்தின் எலும்புக்கூட்டைக் கட்டும் பொருள்கள். மூன்றாவதான மக்னீசியத்தைப் பவளம் மிகச் சிறிதளவே எடுத்துக்கொள்கிறது. ஆயினும் அது குறைந்துவிட்டால் மற்ற இரண்டையும் நீரில் நிலைநிறுத்துவது கடினமாகிறது. பவளத் தொட்டிகளுக்கு லிட்டருக்கு 1250 முதல் 1350 மில்லிகிராம் வரையிலான மக்னீசியம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

கடல்நீரில் மக்னீசியம்

கடல்நீரில் கரைந்துள்ள அயனிகளில் குளோரைடு, சோடியம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மிகுதியாக இருப்பது மக்னீசியம். உப்புத்தன்மை 35 ஆக உள்ள ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 1285 மில்லிகிராம் மக்னீசியம் உள்ளது. லிட்டர் கணக்கில் இது 1300 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும். அதே ஒரு கிலோகிராம் நீரில் கால்சியம் ஏறக்குறைய 410 மில்லிகிராம் மட்டுமே. எடையில் கால்சியத்தைவிட மூன்று மடங்கும், அயனிகளின் எண்ணிக்கையில் ஐந்து மடங்கும் மக்னீசியம் உள்ளது எனலாம்.

கடல்நீரின் கசப்புக்குக் காரணம் மக்னீசிய உப்புகளே. உப்பளங்களில் சோடியம் குளோரைடு படிகமான பின் எஞ்சும் கசப்பான நீரில் மக்னீசியம் குளோரைடும் மக்னீசியம் சல்பேட்டும் செறிந்திருக்கும். அந்நீரை வடித்துவிட்டே உப்பு வாரப்படுகிறது. ஆகவே சமையல் உப்பைக் கரைத்துப் பவளத் தொட்டிக்கான நீரைத் தயாரிக்க முடியாது. அது உப்புக்கரிக்கும் நீராக இருக்குமே தவிர, கடல்நீராக இராது. இதற்கென விற்கப்படும் செயற்கைக் கடலுப்புக் கலவையில் மக்னீசியம் உட்பட முக்கிய அயனிகள் அனைத்தும் உரிய விகிதத்தில் சேர்க்கப்பட்டிருக்கும்.

மக்னீசியத்தின் பணி

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர் கால்சியம் கார்பனேட்டைப் பொறுத்தவரை மிகைநிறைவுற்றது. அதாவது, கரைந்திருக்கக்கூடிய அளவைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாக அது கரைந்துள்ளது. இந்த நிலையில் சுண்ணாம்பு தானாகவே வெண்மையாகப் படியத் தொடங்க வேண்டும். அவ்வாறு படியாமைக்கு மக்னீசியம் ஒரு முக்கியக் காரணம்.

கால்சியம் கார்பனேட்டின் நுண்படிகம் ஒன்று நீரில் தோன்றும்போது, அதன் மேற்பரப்பில் கால்சியத்துக்கு மாற்றாக மக்னீசிய அயனிகள் சென்று ஒட்டிக்கொள்கின்றன. மக்னீசிய அயனி கால்சிய அயனியைவிடச் சிறியது. எனவே அது படிக அடுக்கில் சரியாகப் பொருந்துவதில்லை. மக்னீசியம் கலந்த அந்த மேற்பரப்பின்மீது புதிய கால்சியம் கார்பனேட்டு படிவது கடினமாகிறது. படிகத்தின் வளர்ச்சி தடைபடுகிறது. மேலும், மக்னீசியம் கார்பனேட்டு அயனிகளுடன் நீரிலேயே இணைந்து, கால்சியத்துக்குக் கிடைக்கும் கார்பனேட்டைக் குறைக்கிறது. இவ்விரு வழிகளிலும் அது வீழ்படிவைத் தாமதப்படுத்துகிறது. அதனால் பவளம் தனக்குத் தேவையான பொருள்களை மிகைநிறைவுற்ற நீரிலிருந்து எளிதாக எடுத்துக்கொள்கிறது.

கால்சியம் கார்பனேட்டுக்குக் கால்சைட்டு, அரகோனைட்டு என இரு முக்கியப் படிக வடிவங்கள் உண்டு. மக்னீசியம் கால்சைட்டின் வளர்ச்சியையே பெரிதும் தடுக்கிறது. இன்றைய கடல்களில் அரகோனைட்டு எளிதாகப் படிவதற்கு இதுவே காரணம். பாறை கட்டும் பவளங்களின் எலும்புக்கூடும் அரகோனைட்டால் ஆனது. கிரெடேசியக் காலத்தில் கடல்நீரில் கால்சியத்துக்கு எதிரான மக்னீசியத்தின் விகிதம் இன்றையதைவிட மிகக் குறைவாக இருந்தது. அக்காலக் கடல்களில் கால்சைட்டே எளிதாகப் படிந்தது.

உயிர்களுக்கு நேரடியாகவும் மக்னீசியம் தேவை. பச்சையத்தின் நடு அணு மக்னீசியம். பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கைக்கு அது இன்றியமையாதது. ஆயினும் இதற்குத் தேவைப்படும் அளவு மிகக் குறைவு.

அளவு குறைவதற்கான காரணங்கள்

பவளம் தன் எலும்புக்கூட்டில் சிறிதளவு மக்னீசியத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பாறைகளிலும் கண்ணாடியிலும் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசிகள் இதைவிட மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன. மக்னீசியம் மிகுந்த கால்சைட்டால் ஆனவை அவை. இவை அனைத்தையும் சேர்த்தாலும், பெரும்பாலான தொட்டிகளில் செலவாகும் மக்னீசியம், செலவாகும் கால்சியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. நாளொன்றுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம் செலவாகும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 300 மில்லிகிராம் கால்சியம் செலவாகியிருக்கும். அதே காலத்தில் மக்னீசியம் 30 மில்லிகிராம் அளவே குறைந்திருக்கும்.

எனவே மக்னீசியம் ஒரே வாரத்தில் 100 அல்லது 150 மில்லிகிராம் குறைந்ததாகச் சோதனை காட்டினால், அது பவளத்தின் செயலாக இருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றுள் ஒன்றே காரணமாக இருக்கும்.

முதலாவது, உப்புத்தன்மைக் குறைவு. உப்புத்தன்மை 35இலிருந்து 31ஆகக் குறைந்தால், மக்னீசியமும் அதே விகிதத்தில் குறைந்து லிட்டருக்கு 1160 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும். இங்கு குறைந்திருப்பது மக்னீசியம் மட்டுமன்று. எல்லா அயனிகளும் குறைந்துள்ளன. மருந்து உப்புத்தன்மையைச் சரிசெய்வதேயன்றி மக்னீசியத்தைக் கூட்டுவதன்று.

இரண்டாவது, சோதனைப் பிழை. இது அளவிடுதல் பகுதியில் விளக்கப்படுகிறது.

மூன்றாவது, பயன்படுத்தும் உப்புக் கலவையிலேயே மக்னீசியம் குறைவாக இருத்தல். புதிதாகக் கரைத்த நீரைத் தொட்டியில் ஊற்றுமுன் சோதித்தால் இது தெரிந்துவிடும். கரையோர ஊர்களில் கடலிலிருந்தே நீர் எடுத்துவருவோரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகிலும் கடல்நீரின் உப்புத்தன்மை குறையும். அதனுடன் மக்னீசியமும் குறையும்.

நான்காவது, நீண்டகாலச் சரிவு. கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஈடுசெய்யச் சுண்ணாம்புத் தெளிநீரையோ, கால்சியம் குளோரைடு, சமையல் சோடா கரைசல்களையோ மட்டும் சேர்த்துவரும் தொட்டிகளில் மக்னீசியம் திரும்பச் சேர்வதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அது மெதுவாகக் குறைகிறது. உண்மையான மக்னீசியக் குறைபாடு பெரும்பாலும் இவ்வாறே உண்டாகிறது.

குறைபாட்டின் அறிகுறிகள்

மக்னீசியம் குறைந்த தொட்டியில் கால்சியத்தையும் காரத்தன்மையையும் சேர்ப்பது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போன்றது. சேர்த்த பொருள் பவளத்துக்குப் போய்ச் சேராமல், சூடேற்றியின்மீதும் நீரேற்றியின் சுழலியிலும் மணலிலும் வெண்மையாகப் படிகிறது. வெப்பம் கூடும்போது கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறைவதால், படிவு முதலில் சூடேற்றியில்தான் தெரியும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதும் உண்டு.

இதை அறியாதவர் காரத்தன்மை குறைந்துகொண்டே வருவதைக் கண்டு மேலும் மேலும் சேர்ப்பார். ஒரு கட்டத்தில் நீர் முழுவதும் பால்போல் வெளுத்து, கால்சியமும் காரத்தன்மையும் ஒருசேரச் சரியும். அளவுகள் திடீரென ஏறி இறங்குவதைப் பவளங்கள் தாங்குவதில்லை. ஆண்டுகளாக வளர்ந்த பவளத்தின் திசு சில நாள்களில் உரிந்து, வெறும் எலும்புக்கூடு எஞ்சக்கூடும். கால்சியம், காரத்தன்மை இரண்டையும் முறையாகச் சேர்த்தும் அவை நிலைக்கவில்லை என்றால், மேலும் சேர்ப்பதற்கு முன் மக்னீசியத்தைச் சோதிக்க வேண்டும் என்று கூறப்படுவது இதனால்தான்.

அளவிடுதல்

வீட்டில் பயன்படுத்தும் சோதனைப் பெட்டிகள் பெரும்பாலும் தரம்பார்த்தல் முறையில் அமைந்தவை. தொட்டி நீரில் நிறங்காட்டியைச் சேர்த்து, நிறம் மாறும்வரை வினைப்பொருளைத் துளித்துளியாக விட வேண்டும். செலவான கரைசலின் அளவிலிருந்து மக்னீசியம் கணக்கிடப்படுகிறது. சில முறைகளில் கால்சியம், மக்னீசியம் இரண்டின் கூட்டுத்தொகையை முதலில் கண்டு, அதிலிருந்து கால்சியத்தைக் கழிக்க வேண்டும். அப்போது கால்சியச் சோதனையில் நேரும் பிழையும் மக்னீசியத்தின் கணக்கில் ஏறிவிடும்.

1300 என்ற அளவில் நூற்றுக்கு 5 பங்கு பிழை என்றாலே அது 65 மில்லிகிராம். எனவே நேற்று 1310, இன்று 1260 என வந்தால் மக்னீசியம் குறைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஐயம் எழும்போது பின்வரும் வரிசையில் செயல்படுவது நல்லது.

1. உப்புத்தன்மையை அளக்கவும். ஒளிவிலகல்மானியை வெறும் நீரால் மட்டும் சரிபார்க்காமல், உப்புத்தன்மை 35 உள்ள திட்டக் கரைசலால் சரிபார்க்கவும்.
2. மக்னீசியச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யவும். வினைப்பொருளின் காலாவதி நாளைப் பார்க்கவும்.
3. அளவு தெரிந்த திட்டக் கரைசலை அதே பெட்டியால் சோதித்து, பெட்டி சரியான விடையைத் தருகிறதா என அறியவும்.
4. இவற்றுக்குப் பின்னும் அளவு 1250க்குக் கீழே இருந்தால் மட்டும் மக்னீசியம் சேர்க்கவும்.

அளவை உயர்த்துதல்

குறைவு சிறிதாக இருந்தால் நீர்மாற்றம் உதவும். ஆனால் அதன் விளைவு மெதுவானது. மக்னீசியம் 1150 உள்ள தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, 1300 உள்ள புதுநீரை ஊற்றினால் அளவு 15 மட்டுமே உயரும். பெரிய குறைவுக்கு மக்னீசிய உப்புகளைச் சேர்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு உப்புகள் பயன்படுகின்றன. ஒன்று, படிக நீருடன் கூடிய மக்னீசியம் குளோரைடு. இதன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் மக்னீசியம். மற்றொன்று எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டு. இதில் ஏறக்குறைய 9.9 சதவீதம் மக்னீசியம். எப்சம் உப்பு எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதை மட்டுமே தொடர்ந்து சேர்த்தால் நீரில் சல்பேட்டு மிகுந்துவிடும். எடையில் எட்டுப் பங்கு குளோரைடுக்கு ஒரு பங்கு சல்பேட்டு என்று கலந்தால், கடல்நீரில் உள்ள குளோரைடு, சல்பேட்டு விகிதம் ஏறக்குறையக் காக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, 200 லிட்டர் நீர் உள்ள தொட்டியில் மக்னீசியம் 1150. அதை 1300 ஆக்க வேண்டும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் வீதம் 200 லிட்டருக்குத் தேவை 30,000 மில்லிகிராம், அதாவது 30 கிராம் மக்னீசியம். இதற்கு 228 கிராம் மக்னீசியம் குளோரைடும் 28 கிராம் எப்சம் உப்பும் தேவைப்படும். இதைத் தூய நீரில் கரைத்து மூன்று பங்காக்கி, நாளுக்கு ஒரு பங்காக நீரோட்டம் மிகுந்த இடத்தில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் உயர்வு பாதுகாப்பான வேகம். இவ்வளவு உப்பைச் சேர்க்கும்போது தொட்டியின் உப்புத்தன்மையும் 0.6 அளவுக்கு உயரும். எனவே இறுதியில் அதையும் சரிபார்க்க வேண்டும்.

மக்னீசியக் கரைசலைக் காரத்தன்மைக் கரைசலுடன் ஒரே பாத்திரத்தில் கலக்கக் கூடாது. கலந்தால் அங்கேயே வீழ்படிவு உண்டாகும். உப்பின் தூய்மையும் முக்கியம். உரமாகவோ தொழிற்சாலைப் பயன்பாட்டுக்காகவோ விற்கப்படும் மலிவான தரங்களில் செம்பு போன்ற உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். செம்பு முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்குச் சிறிதளவிலேயே நஞ்சு. உணவுத் தரம், மருந்துத் தரம் அல்லது மீன்தொட்டிக்கென விற்கப்படும் உப்பே ஏற்றது.

அளவு மிகுந்தால்

மக்னீசியம் 1400 அல்லது 1450 வரை செல்வதால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் மிக அதிகமானால் அது தசைகளைத் தளரச் செய்யும். கடல் நத்தை போன்ற முதுகெலும்பற்ற உயிர்களை ஆய்வுக்காக மயக்கமுறச் செய்ய ஆய்வகங்களில் மக்னீசியம் குளோரைடு கரைசலே பயன்படுகிறது. அளவுக்கு மீறி மக்னீசியம் சேர்த்த தொட்டிகளில் நத்தைகள் பிடி தளர்ந்து கீழே விழுவது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்.

கூடிய மக்னீசியத்தை நீரிலிருந்து நீக்க எளிய வழி இல்லை. நீர்மாற்றம் ஒன்றே வழி. 1600 உள்ள தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 30 மில்லிகிராம் மட்டுமே குறையும். ஒரு நாளில் ஏற்றியதை இறக்க வாரங்கள் பிடிக்கும். சோதனையை இருமுறை செய்யாமல் உப்பைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு இது போதிய காரணம்.

தொடர் பராமரிப்பு

காரத்தன்மை நாளுக்கு நாள் மாறுவதால் அதை வாரம் ஓரிரு முறையேனும் அளக்க வேண்டும். கால்சியத்தை வாரம் ஒருமுறை அளந்தால் போதும். மக்னீசியத்துக்கு மாதம் ஒருமுறை போதுமானது. புதிய தொட்டியிலும், உப்புக் கலவையை மாற்றிய பின்னும் சில வாரங்களுக்கு அடிக்கடி அளக்கலாம். ஒவ்வொரு முறையும் உப்புத்தன்மையையும் சேர்த்துக் குறித்துவைத்தால், குறைந்தது மக்னீசியமா அல்லது முழு உப்புமா என்பது ஒரே பார்வையில் விளங்கும்.